200 மணி நேரம் ஓடட்டும் என்றால் சம்மதிக்காதீர்கள்: விலை கூடிய ஆடியோ சாமான் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

போன தை மாதம் வண்ணாரப்பேட்டையில் ஓர் ஓட்டல் ஹாலில் வெளியூர்க் கடை ஒன்று நடத்திய டெமோவுக்குப் போய்விட்டு, 64,500 ரூபாய்க்கு வயர் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். ஸ்பீக்கர் கேபிள் ஒரு ஜோடி 46,000 ரூபாய். ஆம்ப்ளிஃபயருக்கான பவர் கார்டு 18,500 ரூபாய். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம். ஒரு நல்ல செட்டில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை ஆற அமரக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த இரண்டு வயரும் சத்தத்தில் எதையும் மாற்றவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிய ஐந்து மாதம் பிடித்தது. அதற்கப்புறம் அலைந்து திரிந்து பவர் கார்டின் பணத்தை முழுதாகத் திரும்ப வாங்கினேன். ஸ்பீக்கர் கேபிளின் பணம் போனது போனதுதான்.

ஒரே கடை, ஒரே நாள், ஒரே பில். ஒன்றுக்கு மட்டும் பணம் வந்ததற்குக் காரணம் ஒரு துண்டுத்தாள். பவர் கார்டின் பெட்டிக்குள் இருந்த அந்தத் தாளில் "மின் இரைச்சலை 90 சதவீதம் குறைக்கும்" என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்பீக்கர் கேபிளைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. "திரை விலகின மாதிரி இருக்கும்", "பாட்டுக்காரர் எதிரே உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் என் 46,000 ரூபாய் தப்பியிருக்கும். உங்களுடையதாவது தப்பட்டும் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் வீட்டையும் காதையும் சோதியுங்கள்

செலவு: 600 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். நேரம்: ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம்.

முதலில் பிளக்கில் வோல்டேஜைப் பாருங்கள். காலை, மதியம், இரவு எட்டு மணி என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்கு 196 வோல்ட் காட்டியது. இது நிஜமான பிரச்சினை, இதற்கு ஸ்டெபிலைசர் போடலாம். ஆனால் ஸ்டெபிலைசர் சாமானைக் காப்பாற்றும் பொருள். அதே வேலையைச் செய்யும் பெட்டிக்கு "இசையின் ஆன்மாவை வெளிக்கொணரும்" என்று பெயர் சூட்டி பத்து மடங்கு விலை சொன்னால், அந்தப் பத்து மடங்கு எதற்கு என்று கேளுங்கள்.

ஸ்பீக்கரில் 'ஊம்ம்' என்று ஓயாமல் ஒரு சத்தம் வருகிறதா? டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். அதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் தனிக் கேபிள் தேவையில்லை.

அடுத்து, அறை. நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். நம் ஊர் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. 'டணார்' என்று எதிரொலிக்கும். என் ஹால் 14 அடி நீளம். அந்த நீளத்துக்குச் சுமார் 40 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும், அதனால் சில இடங்களில் பேஸ் எனும் அடித்தொனி குமுறும், சில இடங்களில் காணாமலே போகும். நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்தினாலே பாட்டு வேறு மாதிரிக் கேட்கும். நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், யாரும் சொல்லித்தர வேண்டாம். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, ஆனால் மெல்லிய பாய் ஒலியை உறிஞ்சாது. கனமான பஞ்சு மெத்தை இரண்டைப் பின்சுவரில் சாய்த்து வைத்ததும் எதிரொலி சட்டென்று அடங்கியது. கையில் லேப்டாப் இருந்தால் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளையும் ஓர் அளவீட்டு மைக்கையும் கொண்டு அறையை வரைபடமாகவே பார்த்துவிடலாம்.

கடைசியில் காது. மனிதக் காதுக்கு எட்டுவது 20 ஹெர்ட்ஸில் இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மேல் எல்லை வயதோடு இறங்கிக்கொண்டே வரும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, நல்ல ஹெட்போனில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். எனக்கு 61 வயது. 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. 40 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும் ட்வீட்டருக்கு, அதாவது உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, நான் காசு கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

2. அவர்கள் சொல்லும் அறிவியலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்

விற்பவர்கள் பெரும்பாலும் முழுப் பொய் சொல்வதில்லை. பாதி உண்மை சொல்வார்கள். அந்த நிகழ்வு இயற்பியலில் இருக்கும், ஆனால் உங்கள் வீட்டில் அது எவ்வளவு என்ற அளவைச் சொல்ல மாட்டார்கள். எனவே எதைக் கேட்டாலும் "எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வெள்ளிக் கம்பி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பார்கள். உண்மைதான். எவ்வளவு? மின்தடை சுமார் 6 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் வெள்ளிக்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால், வெள்ளியைவிட மின்தடை குறைந்துவிடும். வயரிங் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் செம்புக் கம்பி அது.

'ஸ்கின் எஃபெக்ட்', அதாவது உச்ச ஒலி கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்பார்கள். இதுவும் உண்மையான நிகழ்வுதான். செம்பில் 20 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், போகவர ஆறு மீட்டருக்கு, மின்தடை 0.05 ஓம் அளவில் இருக்கும். ஸ்கின் எஃபெக்ட் அதில் கால் பங்கைக் கூட்டினாலும் 8 ஓம் ஸ்பீக்கரில் ஏற்படும் மாற்றம் ஒரு டெசிபலில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. காதுக்கு எட்டாது.

கேபிளில் அம்புக்குறி போட்டு, சிக்னல் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்பார்கள். ஸ்பீக்கர் வயரில் ஓடுவது மாறுமின்சாரம். நொடிக்குப் பல நூறு தடவை முன்னும் பின்னும் போய்வரும். அதற்குத் திசை கிடையாது. ஒரே விதிவிலக்கு: ஆம்ப்ளிஃபயருக்கும் பிளேயருக்கும் நடுவே போடும் சில கேபிள்களில் வெளிக்கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். அங்கே அம்புக்குறிக்கு அர்த்தம் உண்டு.

பவர் கார்டு விஷயத்தில்தான் நான் முழுதாக விழுந்தேன். கூடங்குளத்தில் இருந்து வரும் மின்சாரம் 400 கிலோவோல்ட் கோபுரங்களில் அலுமினியக் கம்பி வழியே ஓடி, துணைமின் நிலையங்களைத் தாண்டி, தெருக்கம்பத்து வயரில் இறங்கி, சுவருக்குள் இருக்கும் சாதாரணச் செம்புக் கம்பியில் என் பிளக்குக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றினால் எப்படி? ஆம்ப்ளிஃபயருக்குள் போனதும் அந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் தாண்டி டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக, மாறிவிடுகிறது. இரைச்சலை வடிகட்ட வேண்டுமென்றால் வடிகட்டி வேண்டும், அதாவது கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும். என் பவர் கார்டில் அதெல்லாம் இல்லை. வெறும் கம்பியும் தடிமனான உறையும்தான்.

நெட்வொர்க் கேபிளுக்கும் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பாட்டு ஓடும்போது கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். சில நொடிகளுக்குப் பாட்டு நிற்காமல் ஓடும், ஏனென்றால் முன்கூட்டியே மெமரிக்குள் வந்து சேர்ந்த தரவைத்தான் பிளேயர் வாசித்துக்கொண்டிருக்கிறது. கேபிளே இல்லாத அந்த நொடிகளில் சத்தம் மாறுகிறதா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

ஹை-ரெஸ், அதாவது சிடியைவிடக் கூடுதல் நுணுக்கத்தில் பதிவான இசை, பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அளவே 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிக்கும் சுமார் 96 டெசிபல் வீச்சுக்கும் போதுமானது. 2007இல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹை-ரெஸ் இசையைச் சிடி தரத்துக்கு இறக்கி, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். கேட்டவர்கள் 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிச் சொன்னாலும் அந்த அளவுதான் வரும். பிறகு 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது சரியான பதில் 52.3 சதவீதம் என்று வந்தது. மிகச் சிறிய வித்தியாசம், ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாதது, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். நிரூபிக்கப்படாததை எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது, உங்களுடையது இல்லை. "பகலும் இரவும் போல வித்தியாசம்" என்று விற்பவர், இவ்வளவு சன்னமான ஒன்றையா அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள்.

3. சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

டெமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும், கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். மின்னஞ்சல் என்றால் இன்னும் நல்லது. மூன்றே கேள்வி: இந்தச் சாமான் எதை மாற்றும்? எவ்வளவு மாற்றும்? அதை யார் அளந்தார்கள், அறிக்கை கிடைக்குமா? ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை என்றால் நல்லது. கம்பெனியின் சொந்த அளவீடு என்றாலும் எந்த ஃப்ரீக்வென்சியில், எந்த லோடில் அளந்தது என்று இருக்க வேண்டும்.

வரும் பதிலை இரண்டாகப் பிரியுங்கள். "இதமாக இருக்கும், விரிவாக இருக்கும், உயிரோட்டமாக இருக்கும்" என்பது அபிப்பிராயம். அதைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. "இரைச்சலை 90 சதவீதம் குறைக்கும்" என்பது வாக்குறுதி. அதைச் சோதிக்க முடியும்.

இங்கே சட்டம் நம் பக்கம் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47), ஒரு பொருளின் செயல்திறனுக்குப் போதுமான சோதனை செய்யாமல் உத்தரவாதம் தருவதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. "சோதனை செய்துதான் சொன்னோம்" என்று விற்பவர் வாதாடினால், அதை நிரூபிக்கும் சுமையும் அவருடையது என்று அதே பிரிவு சொல்கிறது. இதைப் படித்த அன்றுதான் எனக்குத் தெம்பு வந்தது.

பதிலே வரவில்லையா? வாங்காதீர்கள். "இதையெல்லாம் அளக்க முடியாது, உணரத்தான் முடியும்" என்று வந்தாலும் வாங்காதீர்கள். பெட்டி, உள்ளே இருந்த தாள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். விளம்பரங்கள் பிற்பாடு மாறிவிடும்.

4. டெமோவில் வால்யூமைக் கவனியுங்கள்

இரண்டு சாமானில் ஒன்று கொஞ்சம் சத்தம் கூடுதலாக ஓடினால், அதைச் சத்தம் என்று காது சொல்லாது. தெளிவு என்று சொல்லும். ஒரு டெசிபல்கூட வேண்டாம், அதற்குக் குறைவான வித்தியாசமே போதும். எனக்கு நடந்த டெமோவில் ஒவ்வொரு முறை வயரை மாற்றும்போதும் கடைக்காரர் வால்யூமை இறக்கினார், மாட்டிய பிறகு மறுபடி ஏற்றினார். எந்த இடத்தில் நிறுத்தினார் என்று நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். ரிமோட்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை முதலில் போடுகிறோம், எது விலை கூடியது என்று சொல்லிவிட்டுப் போட்டால் அது டெமோ இல்லை. பாட்டும் அவர்கள் வைத்திருப்பதாக இருக்கக் கூடாது. நான் இப்போது கொண்டுபோவது எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நானே பதிவு செய்த வில்லுப்பாட்டு. வில்லில் கட்டிய மணிகளின் கணீர் சத்தத்தில் உச்ச ஒலி தெரிந்துவிடும், குடத்தைத் தட்டும் அடியில் பேஸ் தெரிந்துவிடும். நேரில் கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் காது ஏமாறுவதும் குறைவு.

5. பெயர் மறைத்துக் கேளுங்கள்

செலவு: எனக்கு 450 ரூபாய். நேரம்: ஒரு மணி நேரத்துக்கு மேல், இரண்டு தவணையாகச் செய்யலாம்.

கொடைக்கு மைக்செட் போடும் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். நாற்பது வருஷமாக இதே தொழில். அவரிடம் என் ஸ்பீக்கர் கேபிளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார், வலை போட்ட உறையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கான் சார். என்ன விலை?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மீட்டரை எடுத்து, முதலில் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொடவைத்தார். 0.3 காட்டியது. "இது ஊசியோட தடை" என்றார். பிறகு என் கேபிளை வைத்தார். 0.3. கீழே சுருட்டிக் கிடந்த தன்னுடைய வயரில் அதே நீளத்துக்கு எடுத்து வைத்தார். 0.3.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானா அண்ணாச்சி?"

"இந்த மீட்டருக்கு இதுக்கு மேல தெரியாது சார். உங்க காதுக்குத் தெரியுதான்னு பாத்திருவோம்."

ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் தெரியும் அல்லவா, அதே மாதிரி சின்னதாக ஒன்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்திக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரில் இருந்து இரண்டு வயரும் அந்த டப்பாவுக்கு வரும். சுவிட்சைத் தள்ளினால் ஒரு வயரில் இருந்து இன்னொன்றுக்கு உடனே மாறும். இந்த வேகம் முக்கியம். வயரைக் கழற்றி மாட்ட மூன்று நிமிடம் ஆனால், முதலில் கேட்ட சத்தம் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். ஒரே ஒரு ஸ்பீக்கரை வைத்துச் சோதித்தால் போதும்.

செய்யும் முறை இதுதான். சுவிட்சை ஒரு தடவை இப்படியும் அப்படியும் தள்ளி, 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வயர் மட்டுமே மாறுவதால் பெரும்பாலும் தானாகவே இருக்கும். ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டால் வால்யூமைத் திருகிச் சமப்படுத்துங்கள். பிறகு இன்னொருவர் காசைச் சுண்டி, தலை விழுந்தால் முதல் வயர், பூ விழுந்தால் இரண்டாவது வயர் என்று மாற்றி, யாருக்கும் காட்டாமல் நோட்டில் எழுத வேண்டும். சுவிட்ச் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். சுண்டுகிறவரின் முகமும் உங்களுக்குத் தெரியக் கூடாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். எனக்கு என் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து செய்துகொடுத்தாள். சுவிட்சின் 'டிக்' சத்தம் துப்புக் கொடுக்காமல் இருக்க, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் எண்ண முடியாதபடி பல முறை தள்ளிவிட்டு நிறுத்தச் சொன்னேன்.

மொத்தம் 16 தடவை. குருட்டாம்போக்கில் சொல்பவருக்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நாலுகூட இல்லை. ஆகவே 12 வந்தால் உங்கள் காதுக்கு ஏதோ கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வந்தது 7.

சோதனைக்கு முன்பு வரை அந்த 46,000 ரூபாய் வயரில் தவிலின் அடி திருத்தமாகக் கேட்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படிக் கேட்டது. எந்த வயர் என்று தெரிந்திருந்தவரை கேட்டது.

பாட்டு ஃபைல்களின் தரத்தை ஒப்பிடுவதென்றால் ஆள் துணையே வேண்டாம். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஏபிஎக்ஸ் என்ற துணை நிரல் இருக்கிறது. அதுவே மாற்றி மாற்றிப் போட்டு மதிப்பெண்ணும் கொடுத்துவிடும்.

6. பில்லும் கெடுவும்

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் இல்லாமல் என்றால் இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன்" என்பதற்குச் சம்மதித்தால், பிற்பாடு நீங்கள் வாங்கியதற்கே ஆதாரம் இருக்காது. பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் வேண்டும். யூபிஐயில் கட்டினால் அந்த ரசீதையும் வையுங்கள்.

இப்போது அந்த 200 மணி நேரம். "புதுக் கேபிள் பழக வேண்டும், 200 மணி நேரம் ஓடினால்தான் முழுச் சத்தம் வரும்" என்பார்கள். ஸ்பீக்கரில் அசையும் பாகங்கள் இருக்கின்றன, ஆரம்பத்தில் அவை கொஞ்சம் இளகும். கம்பியில் அசைவது எதுவும் இல்லை. பழகுவது நம் காது. தினமும் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 200 மணி நேரத்துக்கு 100 நாள் ஆகும். என் பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், திருப்பித் தரக் கெடு 10 நாள் என்று இருந்தது. நான் காத்திருந்தது 100 நாளுக்கும் மேல்.

ஆகவே சோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பழக வேண்டும் என்று சொன்னால், "சரி, அப்போ திருப்பித் தரும் கெடுவையும் 200 மணி நேரத்துக்கு ஏற்ற மாதிரி நீட்டிப் பில்லில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். உறையை வெட்டாதீர்கள், முனையை மாற்றாதீர்கள். ஸ்டாண்டுக்குச் சரியாக வரவேண்டும் என்று என் ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையை நான் நறுக்கிவிட்டேன். அதுவும் சேர்ந்துதான் எனக்கு எதிராக நின்றது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற நடைமுறைதான். இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னும் தெளிவு: 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

7. பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை

முதலில் கடைக்கு ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, பில் எண், தாளில் இருந்த வாசகம் அப்படியே, அதற்கான சோதனை அறிக்கையைக் கேட்கும் ஒரு வரி, 15 நாள் கெடு. கோபமாக எழுதாதீர்கள். "ஏமாற்றுக்காரர்கள்" என்ற வார்த்தையை முதல் வரைவில் எழுதியிருந்தேன், என் மகள் அடித்துவிட்டாள். அவள் செய்தது சரி.

கெடு முடிந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், செலவு இல்லை. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறைய வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும், என்னுடையது முடியவில்லை.

அதற்கடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எனக்குப் பெரிய ஆறுதல், கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. என் கடை வெளியூர், நான் திருநெல்வேலியிலேயே கொடுத்தேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பதியலாம்.

நான் இணைத்தவை: புகார் மனு, நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பில், பணம் கட்டிய ரசீது, பெட்டித் தாளின் நகல், கடிதமும் ஒப்புகை அட்டையும், 1915 புகார் எண், ஆதார் நகல். இவற்றோடு என் 16 தடவைச் சோதனையின் நோட்டுப் பக்கத்தையும் வைத்தேன். அது சட்டப்படி பெரிய ஆதாரம் இல்லை, ஆனால் நான் பொழுதுபோகாமல் வரவில்லை என்பதைக் காட்டும். நோட்டரி, ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து எனக்கு 740 ரூபாய் ஆனது.

புகாரை ஏற்பதா என்று பொதுவாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், அனுப்ப வேண்டிய வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தேதி தள்ளிப்போகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரமே தவறு என்றால் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலிலும் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். அங்கே பணம் திரும்பக் கிடைக்காது. விளம்பரத்தை மாற்றவோ எடுக்கவோ சொல்வார்கள்.

8. சமரசத்துக்கு வந்தால்

ஆணையத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஒன்பதாவது நாள் கடையில் இருந்து போன் வந்தது. 90 சதவீதத்துக்கான அறிக்கை அவர்களிடமும் இல்லை. பவர் கார்டைத் திருப்பி அனுப்பினால் 18,500 ரூபாயும் தருவதாகச் சொன்னார்கள். ஸ்பீக்கர் கேபிளைப் பற்றிக் கேட்டேன். "அதுல நாங்க எதுவும் எழுதித் தரலையே சார்" என்றார் அந்தப் பையன். அவன் சொன்னது உண்மை.

போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். சாமானைக் கட்டும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, வரிசை எண் தெரியும்படி வீடியோவும் எடுத்துவிட்டு, கூரியர் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் முதலிலேயே கையெழுத்துக் கேட்பார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள், புகாரைத் திரும்பப் பெறும் மனுவையும் அதற்கப்புறமே கொடுங்கள். எனக்குச் சாமான் போய்ச் சேர்ந்ததில் இருந்து பணம் வர 11 நாள் ஆனது. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.